மேலே பேரில்லாத மேற்படி

அந்தப் புத்தகங்களில் குதிரைகளுக்குப் பேர் இருந்தது. நாய்களுக்கு இருந்தது. ஒரு ஜீப்புக்குக்கூட இருந்தது. இருபத்துச் சொச்சம் வயதில், கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு நாட்டுக் குதிரையின் பேரை எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தேன். கீழே எவர்சில்வர் குடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே வெயில். வெயிலை வேறு எப்படிச் சொல்ல? எங்கள் ஊரில் வெயில் என்றால் வெயில்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாடியில் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடந்தது. அதை நடத்திய பாய், மெஷின்களை விற்றுவிட்டு ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு காண்டிராக்டர் சிடியில் வேலை அனுப்புவார்: பதிப்பில் இல்லாத பழைய இங்கிலீஷ் புத்தகங்கள், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. அவற்றைத் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். பிறகு மெஷின் இரண்டையும் ஒத்துப்பார்த்து, வேறுபடுகிற இடத்தில் சிவப்பு வைக்கும். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே யாரோ ஒருத்தி தப்பு. இப்படிச் சேர்ந்து அடிக்கிற இரண்டு பேருக்கு ஜோடி என்று பேர். என் ஜோடி எனக்கு எதிர்மேஜையில் இருந்தாள், கடம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவள். வெள்ளிக்கிழமை போளி கொண்டு வருவாள். அந்த எண்ணெய்க் கை பட்டு எங்கள் கீபோர்டுகளில் 'E' எழுத்து எப்போதும் வழுக்கும்.

பாய்க்கு ஒரே ஒரு சட்டம். "காப்பில உள்ளபடி அடிங்கம்மா. தப்பாருந்தா தப்பாவே அடிங்க. திருத்துற வேலை நமக்கு வேண்டாம்."

அந்த வருஷம் வந்த சிடிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் புத்தகங்கள். ரொடீசியா என்று இருந்து ஜிம்பாப்வே என்று ஆன நாட்டில், ஒரு காலத்தில் போலீஸ் வேலை பார்த்த, பண்ணை வைத்திருந்த, சண்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள் வயதான பிறகு எழுதியவை. எங்கேயோ குளிர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, இழந்த வெயிலை நினைத்து எழுதியிருந்தார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், அதுதான் சங்கடம். மழை வருவதற்கு முன்னால் மண்ணில் விழும் வெடிப்பு, மழை விழுந்ததும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாத கருத்த மண், முள்மரத்தடியில் ஆட்டுக் கூட்டம் நிற்கிற நிற்பு. அடித்துக்கொண்டே ஜன்னலை எட்டிப் பார்ப்பேன். எங்கள் கரிசலைத்தான் எவனோ எனக்கு முன்னால் எழுதிவிட்டான் என்று பொறாமையாக இருக்கும். அப்போது கவிதை எழுத ஆரம்பித்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த பத்தியில் அதே கை, ஒரு கிராமத்தைக் கம்பிவேலிக்குள் கொண்டுபோய் அடைத்த கதையை எழுதும், அதே நல்ல வாக்கியங்களில்.

என் ஜோடி ஒருநாள் எதிர்மேஜையிலிருந்து கத்தினாள். "ஏட்டி, எம்பத்தி நாலாம் பக்கம் பாரு. இந்தப் பையனுக்குப் பேரப்பிள்ளை இருக்காம். பேரப்பிள்ளை எடுத்தவன் எப்படிட்டி பையன்?"

"அவியளுக்குக் கறுப்பு ஆளுன்னா எந்த வயசுலயும் பையன்தான்."

"அப்ப எங்க மாமனாரையும் அங்கன அனுப்பி வச்சா வயசு குறையும்."

பாய் தன் மேஜையில் இருந்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காப்பில உள்ளபடி அடிங்கம்மா" என்றார்.

குதிரைப் புத்தகம் அதற்கு அடுத்தது. ஒரு போலீஸ் அதிகாரி எழுதியது. சண்டையில் அவர் காலில் குண்டு பட்டுவிடுகிறது. அவருடைய கறுப்புக் கான்ஸ்டபிள் ஒருவர் அவரைத் தோளில் போட்டு, மூன்று நாள், தண்ணீர் இல்லாத காட்டில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பக்கம் பக்கமாக அந்த நடை. வியர்வை நாற்றம், தோள் எலும்பு, அவர் முணுமுணுத்த பாட்டு, எல்லாம் இருந்தது. அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் பேர்க் குறிப்பு தயாரிக்கிற வேலையும் எனக்கு வந்திருந்தது. எந்தப் பேர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் போட வேண்டும். குதிரைக்குப் பதினோரு பக்கம். தூக்கி நடந்தவரை எந்த எழுத்தில் போட என்று தேடினேன். புத்தகம் முழுக்கத் தேடினேன். 'என் கான்ஸ்டபிள்' என்று இருந்ததே தவிர, பேர் இல்லை.

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போய் சைக்கிளை நிறுத்தினதும் நிறுத்தாததுமாக அப்பாவிடம்தான் கொட்டினேன். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் ஏட்டையா. ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, குதிரை பேரு ஞாபகம் இருக்கு அவனுக்கு. மூணு நாளு தூக்கிச் சுமந்தவன் பேரு இல்ல. என்ன ஜென்மம்ப்பா அது?"

அப்பா பேப்பரை இறக்கவில்லை. "மறந்திருக்கும்" என்றார்.

"குதிரையை மறக்கலையே?"

பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "மறக்காமலும் இருந்திருப்பான். எழுதுறதுக்குக் கை வந்திருக்காது."

நான் அதைக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காதில் வாங்கவில்லை. குளிக்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தார். "ஒரே ஒரு சம்பவந்தான் எழுதிருக்கேன். நாலு பக்கம். அந்த வெள்ளைக்காரனுக்கு அடிக்கியே, அதே மாதிரி அடிச்சுக் குடு."

எழுத்து கும்பல் கும்பலாக, ஸ்டேஷன் டைரி எழுதிப் பழகின எழுத்து. முதல் வரி இப்படித் தொடங்கியது: 'மேற்படி நபர் மேற்படி தேதியில் மதியம் சுமார் ஒரு மணிக்கு ஆடுகளை உடைமர நிழலில் அமர்த்திவிட்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பா, மேற்படின்னா மேல யாரையாவது சொல்லிருக்கணும்லா? எடுத்ததுமே மேற்படின்னா?"

"மேல ஒரு வரி விட்ருக்கேன் பாரு."

பார்த்தேன். பக்கத்தின் உச்சியில் ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. விட்டிருக்கிறார் என்று தெரியாதபடிக்கு, சும்மா கிடந்தது.

"அங்கன அவரு பேரு வரணும். தெரியும் எனக்கு. ஆனா கேக்காம எழுதப்பிடாது." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கும் கேக்காமத்தான எழுதுனோம்."

அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். தொண்ணூறுகளில், எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வெட்டும் தீவைப்பும் நடந்த ஒரு கலவர வருஷத்துக் கதை அது. எப்போதும்வென்றான் ரோட்டுக்குக் கிழக்கே ஆள் பிடிக்கப் போன ஜீப்பில் அப்பாவும் இருந்திருக்கிறார். ஊருக்குள் ஆண்கள் யாரும் இல்லை, ஓடிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு ஆட்டுக்காரர். கலவரத்தில் சேராதவர், ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றாதவர். 'கஞ்சி இருக்கு, குடிக்குதீயளா' என்று ஜீப்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். வெறும் ஜீப்பாகத் திரும்ப முடியாது. அடித்தது அப்பா. முழங்கால். ஸ்டேஷனில் எழுதினதும் அப்பா: மேற்படி நபர் தப்பி ஓடும்போது ஓடைக்கரையில் தவறி விழுந்து காலில் காயம். நோட்டின் கடைசி வரி: 'மேற்படி நபர் ஓடவில்லை.'

இதே வாக்கியத்தை நான் இங்கிலீஷில் எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். எங்கேயோ, ஏதோ ஒரு காட்டில், யாரோ தப்பி ஓடப்பார்த்தார்கள், அதனால். அடிக்கும்போது விரல் நின்றதில்லை. அப்பாவின் கையெழுத்தில் பார்த்தபோது நோட்டை மூடிவிட்டேன்.

அப்பா கேட்டது இதுதான். தட்டச்சு செய்த தாளை எடுத்துக்கொண்டு இருவரும் அந்த ஊருக்குப் போக வேண்டும். அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வேண்டும். "என் வாய்ல வராது. நீ வாசிச்சுரு. வாசிச்சுட்டு, பேரு போடட்டுமான்னு கேப்போம். போடுன்னா போடுவோம். போடாதன்னா வரி அப்படியே கிடக்கட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு என்ன சொல்லுதாரோ கேட்டுக்கிட்டு வருவோம். ஒரு ஞாயித்துக்கிழமை போவமா?"

"போவோம்ப்பா" என்றேன்.

அந்த ஞாயிறு ஒரு சிடி முடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு கரண்ட் போய்ப் போய் வந்தது, விட்டதைப் பிடிக்க எல்லோரும் வேலைக்குப் போனோம். அதற்கடுத்தது யாரோ என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகப் பிடிக்கவில்லை. என் அப்பா எனக்கு சைக்கிள் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர், ஆட்டுக்கறி எடுத்தால் நல்லியை எனக்கு ஒதுக்குகிறவர். அதே கைதான் அடித்தது என்று இன்னொருவர் முன்னால் நான் வாசிக்க வேண்டுமா?

ஆனால் தாளை அடித்தேன், பாயின் சென்டரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். அடிக்கும்போது என்ன செய்தேன் என்பதை இருபது வருஷமாகத் திரும்பத் திரும்ப ஒத்துப்பார்க்கிறேன், அதே இடத்தில் சிவப்பு. 'மேற்படி நபர்' என்று வந்த இடமெல்லாம் 'ஆட்டுக்காரர் ஒருவர்' என்று மாற்றினேன். 'மதியம் சுமார் ஒரு மணிக்கு' என்பதை 'உச்சி வெயிலில்' என்று ஆக்கினேன். 'மேற்படி நபர் ஓடவில்லை' என்பது மொட்டையாக இருந்ததாகப் பட்டது. அதற்கு முன்னால் இரண்டு வரி சேர்த்தேன், காற்று, காக்கை, என்னவோ. உச்சியில் கிடந்த வெறும் வரியை, பழக்க தோஷத்தில், பேக்ஸ்பேஸ் தட்டி இல்லாமல் ஆக்கிவிட்டேன். ஒரு கவிஞி தன் முதல் உரைநடையைத் திருத்திக்கொண்டிருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அப்பா பிரிண்ட்டை வாங்கி, நின்றபடியே படித்தார்.

"இது நான் எழுதுனது இல்லியே."

"அதேதான்ப்பா. கொஞ்சம் வாசிக்க நல்லாருக்கட்டும்னு."

"வரி எங்கட்டி?"

"எந்த வரி?"

"மேல விட்ட வரி."

"வெத்து வரிதானப்பா அது. பேரு எழுதணும்னா எங்கன வேணாலும் எழுதிக்கலாம்."

அப்பா கோபக்காரர்தான். ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. தாளை நாலாக மடித்தார். "அந்த வெள்ளைக்காரனுக்குக் காப்பில உள்ளபடிதான அடிக்கே?" என்றார். "எனக்கும் உள்ளபடியே அடிச்சுக் குடேன்."

"சரிப்பா. ஞாயித்துக்கிழமை அடிச்சிருதேன். அன்னைக்கே போயிட்டும் வந்துருவோம்."

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். வாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தோம். கண் இருந்தது, காது இருந்தது, இடது கை இருந்தது. வாயிலிருந்து ஒரே ஒரு ஓசை வரும், காற்றுப் போகிற சைக்கிள் டியூப் மாதிரி.

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். இடது கைச் சுட்டுவிரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போய், உச்சியில் கிடந்த அந்த வரியின்மேல் வைத்தார். எடுக்கவில்லை.

அந்தக் கையில் பேனாவைக் கொடுத்தால் கிறுக்கல்தான் வந்தது. பேர் சொல்ல ஆரம்பித்தேன். வேறு என்ன வழி? எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வைக்கிற பேர் என்னென்ன உண்டோ, அத்தனையும். சாமிகள் பேர், மாடன்கள் பேர், மலைக்கோவில்காரர்களின் பேர், தாத்தாக்களின் பேர். இல்லை என்றால் கண்ணை மூடுவார். மூடுவார், மூடுவார். ஸ்கேன் பக்கங்களை அடித்து அடித்து எனக்கு எதையும் வேகமாகச் செய்துதான் பழக்கம். அப்படி ஒரு மதியம் மூச்சு விடாமல் மூன்று பேரை ஒரே இழுப்பில் சொன்னபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எதுப்பா? முதல்ல சொன்னதா? ரெண்டாவதா?"

அழத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் எந்தப் பேரைச் சொன்னாலும் அழுகை. மூன்றில் எது என்று தெரியவே இல்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, நோட்டில் உள்ளபடியே அடித்தேன். மேற்படி எல்லாம் மேற்படியாக. மதியம் சுமார் ஒரு மணிக்கு. உச்சியில் ஒரு வரி வெறுமையாக. என் ஜோடி கேட்டாள், "நானும் அடிக்கட்டுமாட்டி, ஒத்துப்பாத்துருவோம்?" அவளும் அடித்தாள். மெஷின் ஓடி முடித்தது, ஒரு இடத்திலும் சிவப்பு இல்லை. பாய் அந்த ஒரு தாளுக்கு நல்ல பேப்பராகத் தேடி எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

எப்போதும்வென்றானில் இறங்கி, கிழக்கே நடந்தேன். ஐப்பசி மழை விட்டிருந்தது. கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். நோட்டில் சொல்லியிருந்த ஊரின் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவரும், ஆடு அடைக்க வேலி முடைந்துகொண்டிருந்த ஒரு அம்மாவும் இருந்தார்கள். கையில் தாளோடும் செருப்போடும் நிற்கிற என்னைப் பார்த்து அந்த அம்மாதான் கேட்டார்.

"யாரத் தேடுத தாயி?"

மூன்று பேரையும் சொன்னேன்.

"மூணு பேரையுமா, மூணுல ஒருத்தரையா?"

"மூணுல ஒருத்தர்."

பெரியவர் சிரித்தார். "நல்லாக் கேட்டே போ. இந்த மூணு பேர்லயும் இங்கன தெருவுக்கு நாலு பேரு. ஒன்னு நானே."

"அவியளுக்குக் கால்ல அடிபட்டிருக்கும். கலவர வருஷத்துல. போலீஸ் அடிச்சு."

சிரிப்பு நின்றது. பெரியவர் வேட்டியை முட்டிக்கு மேலே இழுத்துக் காட்டவில்லை. சட்டையை இறக்கித் தோளைக் காட்டினார். "கால்தானா? தோள்னா ஆகாதா?"

அந்த அம்மா எழுந்து தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, எல்லாம் வாங்க. அந்த வருசத்து அடிக்கு நிவாரணத்துக்கு எழுத வந்திருக்காவ."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் விரலைக் காட்டினார். ஒருவர் கேட்காத காதைத் தொட்டுக் காட்டினார். முழங்கால் காட்டினவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் அந்த மூன்றில் எந்தப் பேரும் இல்லை. ஒரு பெண், தன் வீட்டுக்காரர் ஆட்டுக்கிடையோடு மலையடிவாரம் போயிருப்பதாகச் சொல்லி அவர் பேரை எழுதச் சொன்னார்.

"அவுகளுக்கு எங்கன அடி?"

"எங்கன இல்ல?" என்றார்.

"நீ எந்த ஆபீஸ் தாயி?" பெரியவர் கேட்டார்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இன்ன ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவரின் மகள் என்று. அவர் எழுதியதை வாசிக்க வந்திருக்கிறேன் என்று. தாள் கையில்தான் இருந்தது.

"கோவில்பட்டில டைப்படிக்கிற ஆபீஸ்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

பேனாவை எடுத்து எழுதினேன். அந்த உச்சி வரியில் முதலில் வந்த பேர்களை எழுதினேன், அது நிறைந்தது. அதற்கு மேலே இருந்த ஓரத்தில், பிறகு பக்கவாட்டில், நுணுக்கி நுணுக்கி மற்றவர்கள், மொத்தம் ஒன்பது பேர். அதற்குக் கீழே அச்சில் 'மேற்படி நபர்'. தண்ணீர் கொடுத்தார்கள். தூக்குவாளியைத் திறந்து, "கஞ்சி இருக்கு, குடிக்குதியா?" என்று அந்த அம்மா கேட்டார். குடிக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

"திரும்ப எப்ப வருவே?"

"வாரேன்" என்றேன்.

போகவில்லை. முதலில் வெட்கம். பிறகு கல்யாணம், வேறு ஊர், பிள்ளைகள், இரண்டு கவிதைத் தொகுப்புகள். அந்த ஊருக்குப் பக்கமாக இருக்கிற மணியாச்சியில் ரயில் நிற்கும்போதெல்லாம் எழுந்து கதவுவரைக்கும் வருவேன். ரயில் நகர்ந்ததும் திரும்பிப் போய் உட்காருவேன். அந்த வெள்ளைக்கார அதிகாரியை இப்போது திட்ட முடியவில்லை. அவருக்கு அந்தப் பேர் தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது தெரியும்.

இதை எழுதச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். பேர்களைப் போடுங்கள், உயிர் வரும் என்றார்கள். தாள் மேஜைமேல்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்து. ஒன்பது பேரிடமும் நான் கேட்கவில்லை. எதற்கு எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுதிக்கொண்டு வந்தேன். அதனால் இங்கே யார் பேரும் இல்லை, அப்பா பேரும் இல்லை. அந்த ஊருக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று நேற்று விசாரித்து வைத்திருக்கிறேன். போன தடவையும் விசாரித்தேன்.